குடல் புற்றுநோய்ச் சோதனை யார் கையில்?

மலத்தைப் பற்றி ஒரு தலையங்கமா என்று அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக் கூடும். சுளிக்கட்டும். அந்தச் சுளிப்பும் கூச்சமும் நம்மவர் உயிரைக் குடித்து வருவதைக் கண்ணாரக் கண்ட பிறகு வாளாவிருக்க மனம் இடம் தரவில்லை.

நம் சங்கத்தின் பழைய உறுப்பினர் ஒருவரை இவ்வாண்டு இழந்தோம். நெல்லைச் சீமையிலிருந்து இளவயதில் மும்பை வந்து, தாராவியில் ஒண்டுக் குடித்தனம் நடத்தி, விடியுமுன் சைக்கிளில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக் கொண்டு தெருத் தெருவாக விற்று, மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. மலத்தில் இரத்தம் கண்டதும் அது மூலம் என்று தாமே முடிவு கட்டினார். தெருமுனை வைத்தியரும் தொட்டுப் பாராமலே ஆமாம் போட்டார். ரயில் பெட்டிகளில் ஒட்டப்படும் ‘ஆபரேஷன் இல்லாமல் குணம்’ விளம்பரங்கள் மேலும் ஓராண்டை விழுங்கின. உடம்பு இளைத்து, இரத்தம் வற்றி, படியேறினால் மூச்சு வாங்கும் நிலை வந்த பிறகே மாநகராட்சி ஆஸ்பத்திரியின் வரிசையில் போய் நின்றார். பெருங்குடலில் தொடங்கிய புற்றுநோய் அதற்குள் ஈரலுக்குப் பரவியிருந்தது.

துக்கம் கேட்கப் போன நர்ஸ் ஒருவர், அவரும் நம் பக்கத்துப் பெண்தான், “ஏன் மதினி, அண்ணாச்சி முன்னாலயே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கேட்டார். “எங்கிட்டயே சொல்லலையே தாயி. இதப் போயி யாருட்ட சொல்லுவாக?” என்றார் அந்த அம்மையார்.

யாரிடம் சொல்வது? இந்த வினாவுக்கு மேலை நாடுகள் கடந்த 50 ஆண்டுகளில் பல விடைகளை மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கின்றன. முதலில் குடும்ப டாக்டரிடம் என்றார்கள். பிறகு நிபுணரிடம் என்றார்கள். இப்போது தபால்காரரிடம் கொடுத்தனுப்பினாலே போதும் என்கிறார்கள். சோதனை முறை மாறும்போதெல்லாம் அதைச் செய்கிறவர் மாறினார். செய்கிறவர் மாறும்போதெல்லாம் அதனால் பயன் பெறுகிறவர்களும் மாறினார்கள். இந்த இரண்டாவது மாற்றத்தைத்தான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டியிருக்கிறது.

நோயின் இயல்பை முதலில் இரண்டு வரியில் சொல்லி விடுவோம். பெருங்குடலின் உட்சுவரில் மிளகளவில் ஒரு சதை முளை தோன்றுகிறது. டாக்டர்கள் அதைப் பாலிப் என்பார்கள். பெரும்பாலான முளைகள் கெடுதல் செய்யாமலே கிடக்கும். சில மட்டும் வளர்ந்து உருமாறிப் புற்றாகும். அதற்குப் பத்தாண்டு அளவில் ஆகும் என்கிறார்கள். இத்தனை நீண்ட அவகாசம் தரும் கொடிய நோய்கள் குறைவு. முளையிலேயே கிள்ளினால் அந்த இடத்தில் புற்று வராது. தொடக்க நிலைப் புற்றாக இருந்தால் அறுவை செய்து பெரும்பாலோரைப் பிழைக்க வைக்கலாம். தொல்லை தெரிந்து வருகிறவருக்குச் செய்வது வைத்தியம். தொல்லை ஏதும் தெரியாத மனிதரைத் தேடிப் போய், முளையோ புற்றோ உண்டா என்று பார்ப்பது முன்னறி சோதனை. இரண்டும் வேறு வேறு. நம் நாட்டில் முதலாவதே சரியாகக் கிடைப்பதில்லை என்பதை மறந்து விடாமல் மேலே படியுங்கள்.

மேற்கிந்தியத் தீவுகளில் வளரும் குவாயக் என்ற மரத்தின் பிசினைத் தடவிய காகிதத்தில் சிறிது மலத்தைப் பூசி, அதன் மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு துளியை விட்டால், கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருந்தாலும் காகிதம் நீலமாகி விடும். 1967-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநில டாக்டர் டேவிட் கிரீகர் இதைத் தம்மிடம் வருவோர் வீட்டிலேயே செய்து கொள்ளும் முறையாக்கினார். மூன்று நாள் மலத்தை மூன்று அட்டைகளில் பூசிக் கொண்டு வந்து கொடுத்தால் போதும். செலவு அற்பம். குறைகளும் இருந்தன. மாட்டிறைச்சி தின்றவருக்கும் முள்ளங்கி தின்றவருக்கும் அட்டை பொய்யாக நீலம் காட்டும். வைட்டமின் சி மாத்திரை தின்றவருக்கு இருக்கிற இரத்தத்தையும் மறைத்து விடும். ஆனாலும் 1975-இல் மினசோட்டா மாநிலத்தில் தொடங்கி, 46 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 1993-இல் வெளிவந்தபோது, ஆண்டுதோறும் இந்த அட்டைச் சோதனை செய்து கொண்டவர்களிடையே இந்நோயால் ஏற்பட்ட சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 1996-இல் பிரிட்டனின் நாட்டிங்ஹாமிலும் டென்மார்க்கின் ஃபியூனன் தீவிலும் இரண்டாண்டுக்கு ஒருமுறை செய்த ஆய்வுகளும் சாவு குறைவதையே காட்டின. ஒரு காகித அட்டை செய்த காரியம் இது!

இதே காலத்தில் இன்னொரு வழியும் திறந்தது. 1969-இல் நியூயார்க் நகரத்து டாக்டர்கள் வில்லியம் உல்ஃப், ஹிரோமி ஷின்யா இருவரும் வளைந்து கொடுக்கும் நீண்ட குழாயைப் பெருங்குடல் முழுவதும் செலுத்திப் பார்த்ததோடு, வயிற்றைக் கிழிக்காமல் அந்தக் குழாய் வழியாகவே கம்பி வளையத்தை விட்டு முளைகளை அறுத்தெடுக்கவும் வழி கண்டார்கள். கொலனோஸ்கோப்பி என்ற இம்முறை வைத்தியத் துறையின் அரிய சாதனைகளில் ஒன்று. அதில் நமக்கு ஐயமில்லை. பார்ப்பதும் களைவதும் ஒரே வேளையில் முடிகிறது. இதற்கும் அட்டைக்கும் நடுவில் சிக்மாய்டோஸ்கோப்பி என்ற குட்டைக் குழாய் ஒன்று. பெருங்குடலின் கடைசி இரண்டடி வரை பார்க்கும். மயக்க மருந்து வேண்டாம். அமெரிக்காவில் குடும்ப டாக்டர்களே தங்கள் அறையில் வைத்து அதைச் செய்து வந்தார்கள்.

பிறகு காற்று திசை மாறிற்று. 1985 ஜூலையில் அதிபர் ரீகனுக்குப் பெருங்குடலில் புற்று கண்டு அறுவை செய்தார்கள். நாட்டுத் தலைவரின் குடலைப் பற்றி நாடே வாய்விட்டுப் பேசிற்று. கூச்சம் கொஞ்சம் கலைந்தது. 1998-இல் தம் கணவரை 42 வயதில் இந்நோய்க்குப் பறிகொடுத்த கேட்டி கூரிக் என்ற தொலைக்காட்சி அம்மையார், 2000 மார்ச்சில் தமக்கே கொலனோஸ்கோப்பி செய்து கொண்டு அதைத் திரையில் காட்டினார். அதன் பின் அந்தச் சோதனைக்கு வருவோர் கூட்டம் பெருகியதை ஆய்வாளர்கள் கணக்கிட்டே எழுதியிருக்கிறார்கள். 2001 ஜூலை முதல் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், நோய் அபாயம் அதிகமில்லாத சாதாரண மனிதருக்கும் கொலனோஸ்கோப்பிச் செலவை ஏற்றது. அவ்வளவுதான். குட்டைக் குழாய் மூலைக்குப் போயிற்று. காகித அட்டை பின்தள்ளப்பட்டது. குடும்ப டாக்டரின் மேசையில் இருந்த சோதனை குடல் நிபுணரின் மையத்துக்குக் குடிபெயர்ந்தது. நிபுணரோடு மயக்க டாக்டரின் கட்டணமும், மைய உரிமையாளரின் கட்டணமும் கூடவே வந்து சேர்ந்தன.

நன்மை இல்லையா? உண்டு. 50 வயதைக் கடந்த அமெரிக்கரில் உரிய சோதனைகளைச் செய்து கொண்டோர் 2000-இல் நூற்றுக்கு 38 பேர். 2018-இல் 66 பேர். முதியோரிடையே நோயும் குறைந்தது, சாவும் குறைந்தது. இதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. ஆனால் மீதி 34 பேர் யார்? காப்பீடு இல்லாதவர்கள், ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி போய்விடும் நிலையில் இருப்பவர்கள், அண்மையில் குடியேறியவர்கள் ஆகியோரிடையே இவர்கள் விகிதம் மிகுதி. கொலனோஸ்கோப்பிக்கு முதல் நாள் பேதி மருந்தைப் படி கணக்கில் குடிக்க வேண்டும். மறுநாள் வேலை கிடையாது. வீட்டுக்குத் துணையோடுதான் திரும்பலாம். சம்பளத்தோடு விடுப்பு எடுக்கக் கூடியவருக்கு இது ஒரு நாள் தொல்லை. தினக்கூலிக்கு இரண்டு நாள் அடுப்பெரியாது.

வழி அங்கேயே பிறந்தது. ஃபிட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் புது மலச்சோதனை மனித இரத்தப் புரதத்தை மட்டுமே கண்டுபிடிக்கும். ஆதலால் முள்ளங்கியும் வேண்டாம், இறைச்சியும் வேண்டாம் என்ற பத்தியமெல்லாம் இல்லை. ஒரு குச்சியால் ஒரு முறை தொட்டெடுத்துச் சிறு குப்பியில் போட்டு மூடினால் போதும். ஜப்பான் 1992 முதலே 40 வயதைக் கடந்தவர்களுக்கு இதைத் தேசியத் திட்டமாக நடத்தி வருகிறது. கலிபோர்னியாவின் வடபகுதியில் கைசர் பெர்மனெண்டே என்ற பெரிய காப்பீட்டு மருத்துவ நிறுவனம், 2006 முதல் 2008-க்குள் தன் உறுப்பினர்களுக்கு இந்தக் குப்பியைத் தபாலில் அனுப்பத் தொடங்கியது. ‘நீங்கள் வாருங்கள்’ என்று சொல்லாமல் ‘நாங்கள் அனுப்புகிறோம்’ என்று சொன்னார்கள். வராதவருக்கு நினைவூட்டல் போயிற்று. நர்ஸ்கள் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். கொலனோஸ்கோப்பியே வேண்டுமென்றவருக்கு அதுவும் உண்டு. 2000-இல் நூற்றுக்கு 39 பேராக இருந்த சோதனைக் கணக்கு 2015-இல் 83 ஆயிற்று. அதே காலத்தில் இந்நோயால் நேர்ந்த சாவு பாதிக்கு மேல் குறைந்தது. நமக்கு இதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. அந்த உறுப்பினர்களிடையே கறுப்பின மக்களுக்கும் வெள்ளையருக்கும் இடையே இந்நோய்ச் சாவில் இருந்து வந்த பெரும் ஏற்றத்தாழ்வு 2019 அளவில் ஏறத்தாழ மறைந்தே போயிற்று. குப்பி எல்லார் வீட்டுக் கதவையும் ஒன்றுபோல் தட்டியது. சோதனையில் இரத்தம் தெரிந்தவரை அதே நிறுவனம் கைவிடாமல் கடைசி வரை கொண்டு சென்றது. இரண்டும் சேர்ந்தே இந்தப் பலனைத் தந்தன.

சான்பிரான்சிஸ்கோ நகரில் இன்னும் எளிய ஓர் உபாயம் செய்தார்கள். குளிர்காலத்துக்கு முன் சளிக்காய்ச்சல் ஊசி போட வருகிறவர் கையில் நர்ஸே மலச்சோதனைப் பெட்டியையும் கொடுத்தனுப்பினார். டாக்டரின் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. அதனால் சோதனை செய்து கொண்டோர் தொகை கூடியது. 2020-இல் கொரோனாவினால் நிபுணர் மையங்கள் கதவடைத்த மாதங்களில் தபால் பெட்டியின் அருமை மற்றவர்களுக்கும் விளங்கிற்று.

இங்கிலாந்தின் பாதை வேறு. அங்கே 2006-இல் தேசியத் திட்டம் தொடங்கும்போதே 60 வயதான ஒவ்வொருவருக்கும் அரசு தபாலில் அட்டை அனுப்பியது. 2019 ஜூனில் அட்டைக்குப் பதில் ஃபிட் குப்பி வந்தது. முன்னோட்டமாகச் செய்து பார்த்தபோது, பழைய அட்டையைத் திருப்பி அனுப்பியோர் நூற்றுக்கு 59 பேர். குப்பியை அனுப்பியோர் 66 பேர். முறை எளிதானால் மனிதர் முன்வருவார் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? 2021 முதல் படிப்படியாக 50 வயதினருக்கும் விரித்தார்கள். கொலனோஸ்கோப்பி செய்யும் வேலையை டாக்டருக்கு மட்டுமே உரிய பட்டாவாக அவர்கள் வைத்துக் கொள்ளவில்லை. முறையாகப் பயிற்சி பெற்ற நர்ஸ்களே குழாய் விட்டுப் பார்க்கிறார்கள், முளையையும் எடுக்கிறார்கள். நம் ஊரில் இதைச் சொன்னால் எத்தனை சங்கங்கள் போர்க்கொடி தூக்கும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விட்டு விடுகிறோம்.

அந்த இங்கிலாந்திலும் ஒரு கறை. நம் துணைக்கண்டத்திலிருந்து போய்க் குடியேறியவர்கள் மற்றவர்களைவிட மிகக் குறைவாகவே அட்டையைத் திருப்பி அனுப்பினார்கள். இலவசம், வீட்டு வாசலுக்கே வருகிறது, இருந்தும் இல்லை. கடிதம் புரியாத மொழியில் இருந்தது; மலத்தைத் தொடுவது அருவருப்பு; வீட்டுப் பெரியவரின் பேரில் வந்த உறையை மருமகள் பிரித்து என்னவென்று சொல்வது என்ற சங்கடம் வேறு. குடிபெயர்ந்தவனின் நோய் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆனால் குடிபெயர்ந்தவன் சோதனைக்கு வெளியே நிற்பது என்பது எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி நடக்கிறது. மும்பையில் மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த படிவத்தைக் கையில் வாங்கி விழிக்கும் நம் தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது மூன்றாவது காற்று வீசுகிறது. 2014-இல் அமெரிக்க அரசு மலத்தில் மரபணுக் குறிகளைத் தேடும் சோதனைக்கு அனுமதி கொடுத்தது. 2024 ஜூலையில் கையில் இரத்தம் எடுத்தே இந்நோயைத் தேடும் சோதனைக்கும் அனுமதி கிடைத்தது. கம்பெனிகளே பெட்டியை வீட்டுக்கு அனுப்புகின்றன, திருப்பி வாங்குகின்றன, தொலைக்காட்சியில் பொம்மை வேடத்தில் கூவி விற்கின்றன. இவற்றை மட்டமென்று தள்ளி விட மாட்டோம். ஆயினும் அந்த இரத்தச் சோதனை பற்றிய ஆய்வை வாசகர் அறிந்திருப்பது நல்லது. வளர்ந்து விட்ட புற்றை அது நூற்றுக்கு 83 முறை பிடிக்கிறது. புற்றாக மாறும் தறுவாயில் உள்ள முற்றிய முளைகளையோ நூற்றுக்கு 13 முறைதான் பிடிக்கிறது. முளையில் கிள்ளுவதுதானே இந்தச் சோதனையின் பெருமையெல்லாம்? ஊசி குத்துவது எளிது என்பதற்காகப் பாதி வேலையை முழு விலைக்கு வாங்கலாகாது.

இந்தப் போட்டியில் எது வென்றது என்றும் கேட்கத் தோன்றும். போலந்து, நார்வே, ஸ்வீடன் நாடுகளில் 84 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. கொலனோஸ்கோப்பிக்கு அழைக்கப்பட்டவர்களில் வந்தவர் நூற்றுக்கு 42 பேர்தான். அழைப்புப் பெற்ற கூட்டத்தில் பத்தாண்டில் நோய் 18 சதவீதம் குறைந்தது. சாவு குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தப் பத்தாண்டு போதாது என்று வாதிடுவோர் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஸ்பெயின் நாட்டு ஆய்வின் முடிவு 2025-இல் வந்தது. ஒரு பாதிப் பேரைக் கொலனோஸ்கோப்பிக்கு அழைத்தார்கள். மறு பாதிப் பேரை இரண்டாண்டுக்கு ஒருமுறை ஃபிட் சோதனைக்கு அழைத்தார்கள். குப்பிக்கு இணங்கியோர் தொகையே அதிகம். பத்தாண்டுச் சாவுக் கணக்கில் குப்பி எவ்வகையிலும் தாழ்ந்து போகவில்லை. உலகத்திலேயே சிறந்த சோதனை என்றாலும், மக்களில் பாதிப் பேர் அதன் பக்கமே வரவில்லை என்றால் அதை வைத்துக் கொண்டு என்ன செய்வது?

இனி நம் வீட்டுக்கு வருவோம். இந்திய அரசு 2016-இல் வகுத்த திட்டப்படி, 30 வயதைக் கடந்தவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கே முன்னறி சோதனை. குடல் புற்றுநோய் அதில் இல்லை. இதை மட்டும் வைத்து அரசைத் திட்டித் தீர்க்க நாம் விரும்பவில்லை. இந்தியாவில் இந்நோயின் விகிதம் அமெரிக்காவைவிடப் பல மடங்கு குறைவு. வாயும் கருப்பை வாயும் நம் மக்களைக் கொள்ளும் அளவு அதிகம். இருக்கிற காசை அங்கே முதலில் போடுவது முறைதான். காகிதத்தில் உள்ள அந்த மூன்று சோதனைகளாவது எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கின்றன என்று அன்பர்கள் தங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஆனால் டாக்டர் இல்லாமல் இதெல்லாம் நடக்குமா என்ற சாக்கை மட்டும் யாரும் சொல்ல விட மாட்டோம். நடந்திருக்கிறது. தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000 முதல், பயிற்சி பெற்ற நர்ஸ்கள் வினிகர் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்தே கருப்பை வாய்ப் புற்றின் முன்னடையாளத்தைக் கண்டுபிடித்தார்கள். 2007-இல் வெளிவந்த முடிவின்படி அந்நோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. நம் மும்பையிலேயே டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய ஆய்வில், பத்தாம் வகுப்புப் படித்த வட்டாரப் பெண்களுக்கு நான்கே வாரம் பயிற்சி கொடுத்துக் குடிசைப் பகுதிகளுக்கு அனுப்பினார்கள். சாவு 31 சதவீதம் குறைந்தது. அந்த ஆய்வில் ஒப்புநோக்குவதற்காக ஒதுக்கப்பட்ட பெண்களுக்குச் சோதனை செய்யாமல் விட்டது தகுமா என்ற கண்டனம் எழுந்ததையும் சொல்லத்தான் வேண்டும்; ஏழையின் உடம்பு என்றால் ஆராய்ச்சிக்கு இளக்காரம் என்ற எண்ணம் வரக் கூடாது. எனினும் அந்த நர்ஸ்களும் பத்தாம் வகுப்புப் பெண்களும் செய்து காட்டியதை எந்த நிபுணரும் இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு குப்பியைக் கொடுத்து வாங்குவது அதைவிடக் கடினமா?

இன்று மும்பையில் குடல் சோதனை யார் கையில் இருக்கிறது? பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளின் ‘முழு உடல் பரிசோதனை’ விலைப்பட்டியலில் இருக்கிறது. நரிமன் முனைக் கம்பெனி அதிகாரிக்கு அவருடைய கம்பெனி கட்டுகிறது. அந்தக் கம்பெனிக் கட்டடத்தின் வாசலில் இட்லி விற்கிறவருக்கு? 2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீடு ஆஸ்பத்திரியில் படுத்துச் செய்து கொள்ளும் சிகிச்சைக்கானது. தொல்லை இல்லாதபோது புறநோயாளியாகப் போய்ச் செய்யும் சோதனைக்கு அது கை கொடுக்காது. நோய் முற்றிய பின் லட்சக் கணக்கில் செலவழிக்க அரசு அணியமாக இருக்கிறது. முற்றுமுன் பார்க்கத்தான் வழியில்லை.

நாம் கேட்பது அமெரிக்காவைப் பார்த்து ஆளுக்கொரு கொலனோஸ்கோப்பி அல்ல. அது நமக்குக் கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. முதலில், வீடு வீடாக வரும் ஆஷா ஊழியரும் மாநகராட்சி நர்ஸும் 40 வயதைக் கடந்த ஒவ்வொருவரிடமும் ‘மலத்தில் இரத்தம் போகிறதா, மலம் கழிக்கும் பழக்கம் சில வாரமாக மாறியிருக்கிறதா, காரணமின்றி எடை குறைகிறதா’ என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். ஆம் என்றவரை மூலம் என்று தட்டிக் கழிக்காமல், மாநகராட்சி மருந்தகத்திலேயே விரலால் தொட்டுப் பார்த்து, வேண்டுமானால் குழாய்ச் சோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்தனுப்ப வேண்டும். இது முன்னறி சோதனைகூட இல்லை, சாதாரண வைத்தியம். அண்ணாச்சிக்குக் கிடைக்காமற் போனது இதுதான்.

அடுத்தது, பெற்றோரிலோ உடன்பிறந்தாரிலோ ஒருவருக்கு இந்நோய் வந்த குடும்பம். அவர்களுக்கு அபாயம் கூடுதல். 40 வயதிலோ, நோய் வந்தவரின் வயதுக்குப் பத்தாண்டு முன்போ, எது முந்தியோ அப்போதே சோதனை தொடங்க வேண்டும் என்பது உலகெங்கும் சொல்லப்படும் அறிவுரை. டாடா மருத்துவமனைக்கு இந்நோயோடு போகும் ஒவ்வொருவரின் தம்பி தங்கைகளுக்கும் இதைச் சொல்ல, அவரவர் மொழியில் ஒரு துண்டுத்தாள் போதும்.

ஃபிட் குப்பியைத் தொழிலாளர் வார்டு ஒன்றிரண்டில் 50 வயதைக் கடந்தவர்களுக்குக் கொடுத்து முன்னோட்டம் பார்க்கலாம். இங்கேதான் எச்சரிக்கை தேவை. நம் மக்களில் மூலமும் வெடிப்பும் உள்ளவர் ஏராளம். அந்த இரத்தமும் குப்பியில் தெரியும். இரத்தம் தெரிந்தவர் அனைவருக்கும் கொலனோஸ்கோப்பி செய்தாக வேண்டும். ‘உனக்கு ஏதோ இருக்கிறது’ என்று சொல்லி விட்டு ஆறு மாத வரிசையில் நிறுத்துவது, சொல்லாமல் இருப்பதைவிடப் பெரிய கொடுமை. ஆகவே குப்பி வருமுன் மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் குழாய்களும், அவற்றைச் செலுத்தப் பயிற்சி பெற்ற நர்ஸ்களும் வர வேண்டும்.

இன்னொன்று. இதை எந்த நிபுணர் குழுவும் யோசித்திருக்காது என்று நினைக்கிறோம். கொலனோஸ்கோப்பிக்கு முதல் நாள் இரவெல்லாம் பேதியாக வேண்டும் என்றோமே, தாராவியில் அது எப்படி? பல குடும்பங்களுக்குச் சேர்த்து ஒரு பொதுக் கழிப்பறை, ராத்திரியில் பெண்கள் போகப் பயப்படும் சந்து, பையில் சில்லறை, வாசலில் வரிசை. வீட்டுக்குள் கழிப்பறை உள்ளவர்கள் எழுதிய அறிவுரைத் தாள் இங்கே செல்லாது. முதல் நாள் மாலையிலேயே ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கையும், பக்கத்திலேயே ஒரு கழிப்பறையும் கொடுத்தால்தான் நம்மவர் சோதனைக்கு வருவார்கள். குப்பிக்கும் இதே சங்கடம் உண்டு. ஒரு முறம் அகலத்துக்குக் காகிதம் சேர்த்துக் கொடுத்து, எப்படி விரித்து எடுப்பது என்று தமிழில் படம் போட்டுக் காட்ட வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளைத் தாங்கிய மனுவின் வரைவைச் செயற்குழு தயாரித்திருக்கிறது. மாநகராட்சிச் சுகாதாரக் குழுவிடமும் நம் பகுதி உறுப்பினர்களிடமும் அதை நேரில் கொடுப்பதாக முடிவு. தமிழ்த் துண்டுத்தாளை எழுதித் தர நம் நர்ஸ் சகோதரிகள் இருவர் ஒப்புக் கொண்டிருக்கிறார்கள். அச்சுச் செலவைச் சங்கம் ஏற்கிறது. வரும் ஞாயிறு காலை சங்கக் கட்டடத்தில் கையெழுத்து வாங்கப்படும். வருகிற அன்பர்கள், புறப்படுமுன் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் கேட்டு விட்டு வரும்படி கேட்டுக் கொள்கிறோம்.